இலை அசையாத நாட்கள்

இன்றைக்கும் முள் வலது பக்கம்தான் நின்றது, பாவி.

விடிந்ததும் உன் கருவியின் கண்ணாடியை விரலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தேன், நீ தட்டுவாயே, அதே மாதிரி. மயிரிழை கூட இறங்கவில்லை. வாசலுக்கு வந்து பார்த்தால் வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. வேம்பில் இலை அசையவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் யாரோ வெந்நீர் அடுப்புப் பற்றவைத்திருந்தார்கள். அந்தப் புகை ஆள் உயரத்துக்கு எழும்பி, அதற்கு மேலே போகமாட்டாமல் வயல் மேலே பாய் விரித்தது போலப் படுத்துக் கிடந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததும் ஆத்திரம் வந்தது. ஒரு வருஷமாக எனக்கு இது இரண்டும் சேர்ந்தேதான் வருகிறது.

செத்துப்போனவனிடம் கோபப்படக் கூடாது என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் நீ. நீ உயிரோடு இருந்தபோது உன்மேல் நான் கோபப்படாத நாள் ஒன்று உண்டா? இப்போது மட்டும் எதற்கு நிறுத்த வேண்டும்?

டீக்கடைக்குப் போனேன். டிவியில் ஒரு பெண், "உயர் காற்றழுத்தம் நீடிப்பதால் தென் மாவட்டங்களில் வறண்ட வானிலையே நிலவும், அதிகாலையில் பனிமூட்டம் காணப்படும்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். டீ ஆற்றுகிறவன், "அருமையான கிளைமேட்டு அண்ணாச்சி" என்கிறான். கையிலிருந்த கிளாசைத் தூக்கி எறியலாம் போல இருந்தது எனக்கு. இதே மாதிரி ஒரு அருமையான கிளைமேட்டில்தான் உன்னைக் கொண்டுபோய் எரித்தோம்.

செங்கல் சூளைக்குப் போனால் அங்கே சுடலை அண்ணாச்சி எனக்கு முன்னாலேயே வந்து நிற்கிறார். பத்து வருஷமாக என் சூளைக்குத் தீ போடுகிறவர். சுடாத பச்சைக்கல்லை எல்லாம் அடுக்கி, சுற்றிலும் மண் பூசி, ஐந்து வாயிலும் உடைமர விறகு திணித்து, எல்லாம் தயார். மழைக்காலம் முடிந்து இந்த வருஷத்தின் முதல் சூளை. அவர் கையில் சூடம், தேங்காய், ஒரு கட்டுக் காய்ந்த பனையோலை.

"நாளு பிரமாதமா இருக்கு மொதலாளி. இலை அசையல. வச்சிருவமா?"

"இரும்வே. போர்டு எழுதிட்டு வாரேன்."

அங்கிருந்து பார்த்தால் கீழத்தெருக் கடைசியில் உன் வீடு தெரிகிறது. ஜன்னல்களில் புகைக்குப் பயந்து நேற்றே ஈரத்துண்டு தொங்கவிட்டிருக்கிறார்கள். உனக்காக இல்லை, உன் மகளுக்காக. வேலையை மாற்றிக்கொண்டு அம்மாவோடு வந்து இருக்கிறாள். உன் மூக்கு, உன் பிடிவாதம், உன் மூச்சிழுப்பு, மூன்றும் அப்படியே இருக்கிறது.

ஆமாம், உன் வானிலை போர்டை இப்போது நான்தான் எழுதுகிறேன். உனக்கு அது தெரியாது.

காற்றாலைக் காத்தாடி வேலையை விட்டு நீ ஊருக்கு வந்த வருஷத்தை நினைத்துப் பார்க்கிறேன். ராதாபுரத்துப் பக்கம் இருபது வருஷம் கம்பத்தின் உச்சியில் ஏறி நின்று வேலை பார்த்தவன், இழுப்பு வந்து ஏற முடியாமல் திரும்பி வந்தாய். அதை மட்டும் யாரிடமும் சொல்லமாட்டாய். "காத்து போதும்லே, இனிமே தரை" என்பாய். கம்பெனிக்காரர்கள் பழைய ஆபீசைக் காலி செய்தபோது, சுவரில் தொங்கிய அந்தப் பித்தளை வட்டத்தை மட்டும் கேட்டு வாங்கி வந்திருந்தாய். காற்று எவ்வளவு அமுக்குகிறது என்று காட்டுகிற கருவி. ஒரு முள், சுற்றிலும் சீமைக்காரன் அவன் ஊர் வானத்துக்கு எழுதிவைத்த வார்த்தைகள். நீ அதன்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி உன் கையெழுத்தில் எழுதினாய். இடது பக்கம் 'பெய்யும்'. நடுவில் 'சொல்ல முடியாது'. வலது பக்கம் 'இலை அசையாது'. புதிதாகப் போட்ட மோட்டார் வைண்டிங் கடைச் சுவரில் அதை மாட்டிவிட்டு, கலெக்டர் மாதிரி அதற்குக் கீழே உட்கார்ந்துகொண்டாய்.

அந்தப் புதிதில் ஒருநாள் சாயங்காலம் நாலு மணிக்கு உன் கடைக்கு வந்தேன். காலையில் வலது பக்கம் நின்ற முள், இடது பக்கம் நகர்ந்திருந்தது. நீ கடையில் இல்லை. மழை வருகிறது என்று நான் ஓடினேன். களத்தில் பச்சைக்கல் முழுக்கக் காய்ந்துகொண்டிருந்தது. ஆள்களை எல்லாம் கூப்பிட்டு, பனையோலை, தார்ப்பாய், வீட்டுப் பாய், கடைசியில் என் வீட்டுக்காரியின் சேலை வரைக்கும் கொண்டுபோய் மூடினேன். ஒரு சொட்டு விழவில்லை. மறுநாள் நீ வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"ஏ கோட்டிக்காரா, அது தினசரி ஏறி இறங்கும்லே. காலைல ஏறும், சாயங்காலம் இறங்கும், அது பாட்டுக்கு அதோட ஜோலி. இன்னைக்கு ஒம்போது மணியை நாளைக்கு ஒம்போது மணியோடதான் வச்சுப் பாக்கணும். நாலு மணியோட பாத்தா ஒன்னைய மாதிரிதான், பொண்டாட்டி சேலையத் தூக்கிக்கிட்டு ஓடணும்."

உன் சிரிப்பு எப்போதும் இருமலில்தான் போய் முடியும். அன்றைக்கும் முடிந்தது. பையிலிருந்து அந்த பஃப் மருந்தை எடுத்து இரண்டு தடவை இழுத்துவிட்டு, கண்ணில் தண்ணீரோடு மறுபடியும் "சேலை" என்று ஆரம்பித்தாய்.

பிறகு கடை வாசலில் கறுப்புப் பெயிண்ட் அடித்த பலகை வந்தது. தினமும் காலை ஒன்பது மணிக்கு மூன்று வரி. முள் எங்கே நிற்கிறது, காற்று எப்படி இருக்கும், என்ன செய்யலாம். 'நெல் காயப்போடலாம்.' 'பனி இறங்கும், வைக்கோலை மூடவும்.' புன்னக்காயலிலிருந்து கருவாடு கொண்டுவருகிற அம்மாள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் பலகையைத்தான் பார்ப்பாள். செல்போனில் இதெல்லாம் வருகிறதே என்று யாராவது கேட்டால், "செல்போன் திருநெல்வேலிக்குச் சொல்லுது. இது நம்ம வாய்க்காலுக்குச் சொல்லுது" என்று ஊர்க்காரர்களே பதில் சொல்வார்கள். உனக்குத் தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்றே எழுதிவைப்பாய். பொய் ஒன்று அதில் வந்ததில்லை. அதில் உனக்கு இருந்த கர்வம் கொஞ்சமா நஞ்சமா? சோறு தண்ணியை விட அது பெரிதாக இருந்தது.

சூளைக்குக் காற்று ஆகாது என்பது உனக்குத் தெரியும். ஒரு மாசி மாதம், தீ வைத்து இரண்டாம் நாள் எனக்கு மேகாத்து கிளம்பிவிட்டது. மேற்கிலிருந்து அடித்த அடியில் தீ முழுக்கக் கிழக்கே சாய்ந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் கிழக்குப் பக்கம் கல் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது. மேற்குப் பக்கம் தொட்டால் உதிர்கிறது. தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். நீ வந்து பக்கத்தில் குந்தினாய்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேம்லா."

அங்கே ஆரம்பித்தது எல்லாம். அடுத்த சூளைக்கு உன்னிடம் வந்து கேட்டேன். நீ ஒன்பது மணி வரைக்கும் என்னைக் காக்கவைத்து, கண்ணாடியைத் தட்டிப் பார்த்து, "ஏறி நிக்குது. நாலு நாளைக்கு இலை அசையாது. வையி" என்றாய். அந்தச் சூளைக் கல்லைத் தட்டினால் கணீரென்று மணிச்சத்தம் கேட்டது. ஒரு கல் கழிவில்லை.

மற்ற சூளைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வாய்க்கால் கரையில் என்னோடு சேர்த்து ஏழு சூளை. முன்பெல்லாம் ஆளுக்கொரு நாள், அவனவன் தோதுப்படி தீ வைப்போம். ஒருவன் புகை அடங்கினால் அடுத்தவன் புகை. உன் பலகை வந்தபிறகு ஏழு பேரும் ஒன்பது மணிக்கு வந்து வரிசையாக நின்றோம். 'நாலு நாள் இலை அசையாது' என்று நீ எழுதினால், ஏழு சூளையும் அன்றைக்கே பற்றியது. அசையாத காற்றில் ஏழு சூளைப் புகை, ஒரே நேரத்தில். எந்த ஊரிலாவது இப்படி ஒரு கூறுகெட்டத்தனம் உண்டா? புகை போக வழியில்லாத நாளாகத் தேடிப் பிடித்து, அந்த நாளில் ஊர் மொத்தமும் சேர்ந்து புகை போட்டது. அந்த நாளைக் குறித்துக் கொடுத்தவன் இழுப்புக்காரன்.

தெரியாமலா செய்தாய்? அதுதான் கிடையாது. நீயேதான் எனக்குச் செய்து காட்டினாய். கடையில் மேஜைமேல் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி நிறுத்தி, காலி மிட்டாய் ஜாடியை அதன்மேல் கவிழ்த்தாய்.

"பாருலே. முள்ளு ஏறி நிக்கும்போது மேலேருந்து காத்து பைய கீழ இறங்குது. இறங்குத காத்து சூடாவும். கீழ தரை பனியில குளுந்து கிடக்கும். சூட்டுக் காத்து மேல, குளுந்த காத்து கீழ. மூடி போட்டாச்சு. மேகமும் கூடாது, புகையும் மேல ஏறாது. எங்கன போவும்? இங்கனதான் கிடக்கும்."

ஜாடி வெள்ளையாகிப் போனது. ஊதுபத்தி உள்ளே இருப்பதே தெரியவில்லை. நீ அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் கேட்டேன்:

"அப்போ காத்து இருக்காதுல்லா?"

"இருக்காது."

"அப்படின்னா நாளைக்கே வச்சிருதேன்."

நீ என்னை ஏறிட்டுப் பார்த்தாய். ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு சிரித்தாய். "வையி, வையி" என்றாய். சிரிப்பு இருமலாக மாறியது. அந்த ஒரு நிமிஷம் நீ பார்த்த பார்வைக்கு என்ன அர்த்தம் என்று புரியாத மாடாக நான் எழுந்து போனேன். ஜாடியை என் தலையிலேயே போட்டு உடைத்திருக்க வேண்டாமா நீ?

உன் வீட்டில் மாசி மாதம் எப்படிப் போகும் என்பதை உன் வீட்டுக்காரி பார்வதி பிறகுதான் என்னிடம் சொன்னாள். ஜன்னலுக்கெல்லாம் ஈரத்துண்டு. கதவுக்கு அடியில் பழந்துணி. விடியற்காலையில் நீ கட்டிலில் குனிந்து உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மூச்சாகத் தேடிப் பிடிப்பாயாம். அப்புறம் முகம் கழுவி, வெள்ளைச்சட்டை போட்டு, ஒன்பது மணிக்கு வந்து 'இலை அசையாது' என்று எழுதுவாயாம். ஒருநாள் அவள் பொறுக்கமாட்டாமல், நீ எழுதி முடித்ததும் ஈரத்துணியால் பலகையைத் துடைத்துவிட்டாள். "பொய்யா எழுதச் சொல்லுதியா? இந்த ஒண்ணைப் பொய்யா எழுதினா, நாளைக்கு மழைன்னு நான் எழுதினா எவன் நம்புவான்? நெல்லு நனைஞ்சு போவும் பாத்துக்க" என்று சொல்லி, மறுபடியும் சாக்பீஸை எடுத்து அதையே எழுதினாயாம்.

நெல் நனைந்தால் நனைந்துவிட்டுப் போகட்டுமே! வெயிலில் போட்டால் காயாதா அது? உன் நெஞ்சை எந்த வெயிலில் போட்டுக் காயவைப்பது? ஒரு வரி, 'மேகாத்து அடிக்கும்' என்று ஒரே ஒரு வரி எழுத உனக்கு என்ன கேடு வந்தது? போகட்டும், பலகையில் பொய் எழுத வேண்டாம். என்னிடம் நேரே வந்து, "ஏலே, வைக்காதலே, எனக்கு மூச்சு முட்டுது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வாய் இருந்ததா இல்லையா உனக்கு?

இல்லை. இதை இப்படியே விட்டால் நான்தான் பொய்யன். நீ சொன்னாய். ஒரு தடவை சொன்னாய்.

போனதற்கு முந்தின வருஷம். ஆற்றில் குளித்துவிட்டு வந்துகொண்டிருந்தோம். தண்ணீர்மேலே பனி கிடந்தது. ஆற்றங்கரையில் நாலு எட்டு வைப்பதற்குள் நீ இரண்டு தடவை நின்றாய். என் முகத்தைப் பார்க்காமல், "இந்தத் தடவை பைய ஒரு வாரம் கழிச்சு வையேம்லே" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத் தெரியும். நான்தான் மறந்த மாதிரி நடித்துக்கொண்டிருந்தேன். "நான் வைக்காட்டா மத்த ஆறு பேரும் வைக்கத்தான் செய்வானுவ. புகை எப்படியும் வரத்தான் போவுது. என் கல்லு மட்டும் எதுக்குக் கெட்டுப் போவணும்?" என்றேன்.

நீ துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, "அதுவும் சரிதான்" என்றாய்.

அந்த 'அதுவும் சரிதான்' இருக்கிறதே, அதற்கு உன்னை நான் மன்னிக்கவே மாட்டேன். அது சரியில்லைலே! எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் சரியில்லை. அப்படிச் சொன்னவனை நீ செவிட்டில் அறைந்திருக்க வேண்டும். ஆற்றிலேயே பிடித்துத் தள்ளியிருக்க வேண்டும். ஐம்பது வருஷச் சிநேகிதம் அதற்குக் கூட உதவாதா? காற்று எப்போது வரும், எப்போது நிற்கும் என்று எல்லாம் தெரிந்து வைத்திருந்தாய். எனக்கு எப்போது புத்தி வரும் என்று பார்த்துக்கொண்டா இருந்தாய்?

போன மாசியில் நீ எழுதியது எனக்கு அப்படியே மனப்பாடம். 'முள் நன்றாக ஏறியிருக்கிறது. நாலைந்து நாள் இலை அசையாது. சூளைக்கு ஏற்ற நாள்.' ஏழு சூளையும் பற்றின. முதல் நாள் கல்லின் ஈரம் போகிற வெள்ளைப் புகை. இரண்டாம் நாள் கரும்புகை. மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு ஸ்ரீவைகுண்டம் பஸ் லைட்டைப் போட்டுக்கொண்டு, ஹாரன் அடித்தபடி, ஊர்ந்து வந்தது. பனியும் புகையும் கலந்து தெருவில் எதிரே வருகிற ஆள் தெரியவில்லை. நான் சூளை வாயில் விறகு தள்ளிக்கொண்டிருந்தேன். செல்போன் அடித்தது. பார்வதி.

"அண்ணாச்சி, வண்டியை எடுத்துக்கிட்டு ஓடி வாங்க. இவ்வோளுக்கு மூச்சே விட முடியல."

கல் ஏற்றுகிற வண்டியைத்தான் எடுத்துக்கொண்டு வந்தேன். கையைக் கூடக் கழுவவில்லை. கரிக்கையோடு உன்னைத் தூக்கி எனக்கும் பார்வதிக்கும் நடுவில் உட்காரவைத்தேன். நீ முன்னால் சாய்ந்து இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாய். தோள்பட்டை மட்டும் ஏறி ஏறி இறங்கியது. உதடு நீலம். வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போது தலையைத் திருப்பி வெளியே பார்த்தாய். ஏழு சூளையும் அங்கேதான் நின்றன, ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை.

"கல்லு... நல்லா... வரும்லே" என்றாய்.

"பேசாம இருலே மூதி" என்று கத்தினேன்.

உன்னிடம் நான் பேசிய கடைசி வார்த்தை அதுதான். நீ என்னிடம் பேசிய கடைசி வார்த்தை என் கல்லைப் பற்றி. பாவி, சாகப் போகிற நேரத்தில் பேசுகிற பேச்சா அது? குத்திக்காட்டினாயா, வாழ்த்தினாயா, அதையாவது தெரிகிற மாதிரி சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு வருஷமாக வண்டியில் ஏறும்போதெல்லாம் அந்த நடு ஸீட்டில் அது உட்கார்ந்திருக்கிறது.

பாளையங்கோட்டையில் டாக்டர்கள் இரண்டு நாள் போராடினார்கள். மூன்றாம் நாள் விடிகிற நேரத்தில் உன் மூச்சு நின்றது. அன்று மத்தியானம் கிழக்கேயிருந்து கொண்டல் காற்று எழும்பியது. ஆஸ்பத்திரி வாசலில் நின்ற மரம் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டியது. ஒரு நாள் முன்னால் வந்தால் என்ன, நாசமாய்ப் போன காற்றுக்கு?

உன்னைத் தூக்கும்போது வானம் பளிச்சென்று இருந்தது. ஆறு சூளைக்காரர்களும் வெள்ளை வேட்டியில் மாலையோடு வந்தார்கள். ஒருவன் சொன்னான், "நல்லவேளை, மழை கிழை இல்லாம நல்ல நாளா அமைஞ்சுது." இன்னொருவன் ஆற்றில் முழுகி எழுந்ததும் தலையைத் துவட்டிக்கொண்டே, "இனிமே போர்டு யாரு எழுதுவா?" என்றான். நான் அவன் கழுத்தைப் பிடித்துவிட்டேன். சுடலை அண்ணாச்சிதான் இழுத்து விலக்கினார். அவன்மேல் என்ன தப்பு? நான் மனசில் நினைத்ததைத்தான் அவன் வாயால் சொன்னான். அதனால்தான் அவ்வளவு கோபம் எனக்கு.

மூன்று நாள் கழித்துச் சூளையைப் பிரித்தோம். நீ சொன்ன மாதிரியே கல் நன்றாக வந்திருந்தது. என் ஆயுசில் அப்படி ஒரு கல் வந்ததில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பார்வதி உள்ளே போய், ஒரு துண்டில் சுற்றி அந்தக் கருவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "இது ஒங்களுக்குத்தான் வேணும் அண்ணாச்சி. கொண்டு போங்க" என்றாள். அவள் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பைய, மரியாதையாகச் சொன்னாள். நான் வாங்கிக்கொண்டு வந்தேன். வேறு என்ன செய்ய?

ஐப்பசியில் மழை தொடங்கியதும் ஊர் தவித்தது. நெல் நாற்றைப் பற்றிக் கேட்க, கூரையைப் பற்றிக் கேட்க ஆள் இல்லை. நான் சாக்பீஸை எடுத்தேன். ஒன்பது மணியை ஒன்பது மணியோடு வைத்துப் பார்த்து எழுதினேன். தெரியாத அன்றைக்குத் 'தெரியவில்லை' என்றேன். நான் எழுதியபடி இரண்டு பெருமழை வந்தது. ஊர் என்னையும் நம்பியது. உன் பலகை என்பதால் நம்பியது.

இன்று காலை ஒன்பது மணிக்கு உன் கடை வாசலில் ஆறு பேரும் வந்து நின்றார்கள். வாய்க்கால் கரையில் ஏழு சூளையும் அடுக்கித் தயாராக இருக்கிறது. பக்கத்திலேயே உன் வீடு, ஜன்னலில் ஈரத்துண்டு. உள்ளே உன் மகள் இருமுகிற சத்தம் கேட்டது. வெந்நீர் அடுப்புப் புகைக்கே அந்த இருமல். நான் சாக்பீஸை எடுத்து எழுதினேன்.

'முள் இறங்குகிறது. நாளை முதல் மேகாத்து பலமாக அடிக்கும். சூளைக்கு ஆகாது.'

எழுத்து கோணும் என்று நினைத்தேன். கோணவே இல்லை. உன் எழுத்தைப் போலவே விழுந்தது.

"என்ன அண்ணாச்சி, இலை கூட அசையலியே?" என்றான் ஒருவன்.

"நாளைக்கு அசையும்."

"செல்போன்ல அப்படி ஒண்ணும் போடலியே."

"செல்போன் திருநெல்வேலிக்குச் சொல்லுது" என்றேன்.

அவ்வளவுதான். வந்த வழியே போய்விட்டார்கள். என் பின்னாலேயே வந்திருந்த சுடலை அண்ணாச்சி மட்டும் போகவில்லை. தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார், வேம்பைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். என்னிடம் வருவதற்கு முன்னாலும் சேர்த்து முப்பது வருஷம் தீயோடு கிடந்தவருக்குக் காற்று தெரியாதா?

"அவ்வோ இருந்தா இப்படி எழுதியிருக்க மாட்டாவ" என்றார்.

"அதனாலதான்வே அவன் இல்ல" என்றேன்.

அவர் சூடத்தை மடியில் கட்டிக்கொண்டு போனார்.

நாளைக்கு இலை அசையாது. நாளை மறுநாள் ஆறு பேரும் என் சட்டையைப் பிடிப்பார்கள். பிடிக்கட்டும். அப்போது உட்காரவைத்துச் சொல்வேன், நீ என்னிடம் சொன்னதைப் போல முகத்தைப் பார்க்காமல் இல்லை, நேருக்கு நேராக. முன்பு மாதிரி ஆளுக்கொரு நாள் வைப்போம், கொஞ்சம் காற்று இருக்கிற நாளாகப் பார்த்து வைப்போம், கல் கொஞ்சம் கெட்டால் கெடட்டும், முதலில் கெடுவது என் கல்லாக இருக்கட்டும் என்பேன். கேட்பார்களா, தெரியவில்லை. கேட்காவிட்டால் சண்டை போடுவேன். அது எனக்கு நன்றாக வரும். ஆனால் உன் பலகையை இனி எவனும் நம்பமாட்டான். நீ மூச்சைக் கொடுத்துக் காப்பாற்றி வைத்த பேரை ஒரு காலையில் நான் கெடுத்துவிட்டேன். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன். எழுதி மீந்த சாக்பீஸ் துண்டு இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

இதை எழுத உட்காருவதற்கு முன்னால், சாயங்காலம், உன் வீட்டைத் தாண்டித்தான் வந்தேன். பார்வதி ஜன்னலில் இருந்த துண்டையெல்லாம் எடுத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். பலகையைப் படித்திருக்கிறாள் என்று தெரிந்தது. "காத்து வரும்னு எழுதியிருக்கியளே அண்ணாச்சி" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் உள்ளே போய் இரண்டு ஜன்னலையும் நன்றாகத் திறந்துவிட்டாள்.

உள்ளே உன் மகள் போனில் யாரிடமோ பேசி, எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தாள். நான் தெருவிலேயே நின்றுவிட்டேன். உன் சிரிப்புலே அது, அப்படியே. கடைசியில் வருமே, அந்த இருமல் வரவில்லை.